சொலிசிட்டர் ஆகப்போகிறவளின் அண்ணன்

கிரிம்ஸ்பி
செப்டம்பர் 14, 2022

ராஸுக்கு,

நீ அனுப்பிய வாழ்த்து அட்டை நேற்று வந்தது. மேலே பூங்கொத்துப் படம், உள்ளே 'என் தங்கச்சி வக்கீலம்மா' என்று உன் கோணல் எழுத்து. அம்மா அதைப் பார்த்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

நீ சிறைக்குப் போனதிலிருந்து எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. மீன் தொழிற்சாலையில் கை மரத்துப்போய் நான் நின்ற நாட்களிலும் எழுதவில்லை, மாலை வகுப்புக்குப் போய் விட்ட படிப்பை முடித்துத் தேறியபோதும் எழுதவில்லை. சொலிசிட்டர் அலுவலகம் ஒன்றில் என்னை எடுத்துக்கொண்டார்கள் என்று அம்மா உன்னிடம் சொன்ன உடனே அட்டை வருகிறது. இது ஏன் என்று யோசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

முதலில், நான் வக்கீல் ஆகிவிடவில்லை. பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். பல்கலைக்கழகம் போகாமல், சட்டப் பட்டம் வாங்காமல் சொலிசிட்டர் ஆக இப்படி ஒரு வழி இருக்கிறது. ஆறு வருடம் அலுவலகத்தில் வேலை, வாரத்தில் ஒரு நாள் படிப்பு, கடைசியில் இரண்டு பெரிய தேர்வுகள். பட்டம் வாங்கியவர்கள் எழுதும் அதே தேர்வுதான் எனக்கும். தேர்வு போக இன்னொன்றும் உண்டு. இவள் நம்பத்தகுந்த ஆளா என்று விசாரிப்பார்கள். கட்சிக்காரர் ஒருவரின் விஷயத்தை வெளியே விட்டேன் என்று தெரிந்தால், எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தாலும் என்னைச் சேர்க்கமாட்டார்கள்.

அதனால் நேர்முகத் தேர்விலேயே உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் திருமதி சோவர்பி, அலுவலகத்தின் தலைவி.

"என் அண்ணன் ஜெயில்ல இருக்கான். அவனை விட்டுட்டுப் போன அவனோட மனைவி நட்டாலி வேற ஒருத்தரோட இருந்தா. அந்த ஆளோட வேனுக்கு வீட்டு வாசல்லயே தீ வச்சுட்டான். வீட்டுக்குள்ள என் அண்ணனோட சொந்தப் பொண்ணு தூங்கிட்டிருந்தா. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"நாங்க கேக்கலையே. எதுக்குச் சொல்றீங்க?"

"வேற யாராவது வந்து சொல்றதுக்குள்ள நானே சொல்லிடலாம்னுதான்."

"நாளைக்கு அவர் எங்க கட்சிக்காரங்களைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது விசாரிச்சா?"

"நேரா உங்ககிட்ட வந்து சொல்லிடுவேன்."

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் வேலை கொடுத்தார். இப்போது சொல், உனக்கு என்ன வேண்டும்?

கர்ஸ்டி


செப்டம்பர் 25

வக்கீலம்மாவுக்கு,

வாழ்த்து அட்டைக்குக் குறுக்கு விசாரணை நடத்துகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். ஆறு வருடம் எதற்கு? உனக்கு இப்போதே கறுப்பு அங்கியை மாட்டிவிடலாம். (அது கோர்ட்டில் வாதாடுகிற வேறு வகை வக்கீல் என்று திருத்தாதே. தெரியும்.)

என்னோடு ஒரே அறையில் மால்கம் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். போலிக் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தவர். வக்கீல்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லையாம். உன் சேதியைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "பட்டம் இல்லாம சொலிசிட்டரா? ஆறு வருஷமும் டீ போட வச்சே ஓட்டிடுவானுங்க தம்பி!" என்றார். சண்டை போட்டேன். ஆனால் படுத்த பிறகு நானும் யோசித்தேன். கிரிம்ஸ்பியில் வேறு பெண்ணே இல்லையா? அண்ணன் உள்ளே இருக்கிறான் என்று நீயே சொன்ன பிறகும் உன்னை ஏன் எடுத்தார்கள்? உன்னை வைத்து என்னைக் கவனிக்கிறார்களோ என்னவோ. சந்தேகப்பட உனக்கு மட்டும்தான் உரிமையா?

சரி, அது போகட்டும். உங்கள் அலுவலகத்தில் என்னென்ன வழக்கு பார்க்கிறார்கள்? குடும்ப வழக்கும் உண்டா? போன வருடம் நட்டாலி உங்கள் அலுவலகம் இருக்கும் தெருப் பக்கம் போய்வந்துகொண்டிருந்தாள் என்று அம்மா சொன்னாள். இப்போது ஊரைவிட்டே போய்விட்டாளாம். எங்கே என்று யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். டிசம்பரில் என் மகள் எல்சிக்கு எட்டு வயது ஆகிறது. அவளுக்கு ஒரு அட்டை அனுப்ப ஆசை. வேறொன்றும் இல்லை. சும்மாதான் கேட்டேன்.

ராஸ்


அக்டோபர் 3

ராஸுக்கு,

நீ 'சும்மாதான்' என்று சொன்ன எதுவும் சும்மா இருந்ததில்லை.

எங்கள் அலுவலகத்துக்கு யார் வருகிறார், யார் வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் கட்சிக்காரரா என்று நீ கேட்டாலும் இதையேதான் எழுதுவேன். என் கணினியில் சில கோப்புகள் திறக்காதபடி பூட்டியிருக்கிறார்கள். எவை என்று எனக்குத் தெரியாது. திறந்து பார்க்க முயன்றாலே இன்னார் முயன்றார் என்று பதிவாகிவிடும். இதை நீ நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நட்டாலியையும் எல்சியையும் எந்த விதத்திலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் உனக்குத் தடை போட்டிருக்கிறது. இன்னொருவர் மூலமாகப் போனாலும் அதே குற்றம்தான். எல்சிக்கு எழுத வேண்டும் என்று உண்மையிலேயே ஆசை இருந்தால் அதற்கு நேர் வழி இருக்கிறது. வேறு ஊரில் ஒரு சொலிசிட்டரைப் பிடி. குடும்ப நீதிமன்றத்தில் அனுமதி கேள். விலாசம் உனக்குத் தெரியாமலேயே, நடுவில் ஒருவர் படித்துப் பார்த்துக் கடிதம் கொடுக்க அவர்கள் ஏற்பாடு செய்யலாம். செய்யாமலும் போகலாம்.

உன் கடிதத்தைத் திருமதி சோவர்பியிடம் காட்டினேன்.

வேலை எப்படி என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். இமோஜென் என்று ஒருத்தி, பட்டம் வாங்கி வந்தவள். முதல் நாள் என்னிடம், "நீங்க எந்த யுனிவர்சிட்டி?" என்றாள். "ஃபிஷ் டாக்ஸ்" என்றேன். "ஓ, அது எங்க இருக்கு?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டாள். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினேன். மீன் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு அவள் முகம் சிவந்துபோயிற்று. பிறகு இருவரும் சிரித்தோம். இன்னும் யாரும் என்னை டீ போடச் சொல்லவில்லை. இதை மால்கமிடம் சொல்.

கர்ஸ்டி


அக்டோபர் 16

கர்ஸ்டி,

காட்டினாயா? அண்ணன் தங்கைக்கு எழுதியதை முதலாளியம்மாவிடம் எடுத்துப்போய்க் காட்டினாயா?

அப்பா வீட்டைவிட்டுப் போன பிறகு உன் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் விட்டது நான். நீ மீன் நாற்றம் அடிக்கிறாய் என்று சொன்ன பையனின் பல்லைப் பெயர்த்தது நான். அதற்காக என்னைப் பள்ளியைவிட்டு அனுப்பினார்கள். இதையெல்லாம் அவரிடம் காட்டினாயா?

உன் நேர் வழியைப் பற்றி மால்கமிடம் பேசினேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "மாட்டிக்காதே. நீ கையெழுத்துப் போட்டா போதும், 'பாருங்க, இன்னும் விடாம துரத்துறான்'னு கோர்ட்ல நீட்டுவாங்க" என்றார். இந்த யோசனை உன்னுடையதா, சோவர்பி சொல்லச் சொன்னதா? நட்டாலி உங்கள் கட்சிக்காரி என்றால் எல்லாம் பொருந்துகிறது. அவளுக்காகத்தான் நீ எனக்கு எழுதுகிறாய் என்று ஆகிறது. என் தங்கை எழுதுகிறாளா, நட்டாலியின் வக்கீல் எழுதுகிறாரா என்று தெரியாத கடிதம் எனக்கு வேண்டாம்.

இனி எழுதாதே.

ராஸ்


டிசம்பர் 6

ராஸுக்கு,

எழுதாதே என்றாய். எழுதும்படி ஆகிவிட்டது.

வரவேற்பில் இருக்கும் பெண் சாப்பிடப் போயிருந்தாள். அவள் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. ஒரு பெண் குரல், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி.

"பள்ளிச் சுகாதாரத் துறையிலிருந்து பேசுகிறேன். ஒரு குழந்தையின் தடுப்பூசி விஷயமாக அவர்களுடைய புது விலாசத்தைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது."

எந்தக் குழந்தை என்று கேட்டேன். பெயர் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன். அவள் மூச்சு வாங்கியதில் ஒரு விசில் சத்தம் கேட்டது. பின்னால் ஒரு நாய் குரைத்தது. அந்தக் குரைப்பு எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் நான் தூக்கி வளர்த்த நாய்.

"அம்மா?" என்றேன்.

வீட்டில் பேசும் அவள் குரலில், "நீயாடி எடுத்தே?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

நான் எழுந்து மாடிக்குப் போய்த் திருமதி சோவர்பியிடம் சொன்னேன். படிக்கட்டில் ஒரு முறை நின்றேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்ததே எனக்குப் பயமாக இருந்தது. அதனால் மீதிப் படிகளை ஓடி ஏறினேன். அன்று சாயங்காலம் ஒரு போலீஸ்காரம்மா அம்மா வீட்டுக்குப் போய் எச்சரித்துவிட்டு வந்திருக்கிறார். இப்போது அம்மா எனக்குக் கதவைத் திறப்பதில்லை.

என் வேலை போகவில்லை. "சொன்னது சரி கர்ஸ்டி. ஆனா கொஞ்ச நாளைக்கு எல்லாரும் உங்களை ஒரு மாதிரிதான் பாப்பாங்க. தாங்கிக்கணும்" என்றார் சோவர்பி. பார்க்கிறார்கள். நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. இமோஜென்கூடக் காகிதங்களைக் கவிழ்த்து வைக்கிறாள். அவள்மேல் தப்பில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

சுகாதாரத் துறை, தடுப்பூசி, சரிபார்ப்பு. அம்மாவுக்குத் தானாக இப்படியெல்லாம் பேச வராது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது. நீ சிறையிலிருந்து அவளுக்கு வாரா வாரம் போன் செய்கிறாய்.

நீதான் செய்ய வைத்தாயா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுது.

கர்ஸ்டி


டிசம்பர் 15

கர்ஸ்டி,

இல்லை.

ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை. இது உன் கடிதத்திலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். "உனக்கென்னடா, நீ உள்ள இருக்கே. நான் வெளியில இருந்தும் பேத்தியைப் பாக்க முடியல. ஒரு கோட்டு எடுத்து வச்சிருக்கேன். அதுக்குள்ள வளந்திருப்பாளோன்னு தினமும் எடுத்து எடுத்துப் பாக்கறேன்" என்று அழுதாள். தடுப்பூசி விஷயத்தைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் பார்த்தாளாம். நான் சொல்லிக்கொடுத்திருந்தால் நாயையாவது வெளியே கட்டச் சொல்லியிருக்கமாட்டேனா?

நீ நம்பமாட்டாய். நம்பினால் உன் வேலைக்கு ஆகாது. பெற்ற தாய் மேலேயே போலீஸை ஏவியவள் அண்ணன் சொல்வதையா நம்பப்போகிறாய்?

பிப்ரவரியில் என்னை வெளியே விடுகிறார்கள். விடுதலைக்குப் பிறகு என்னைக் கண்காணிக்கப்போகிற அதிகாரி ஹாலிஸ் என்று ஒருவர். எங்கே தங்குவாய் என்று கேட்டார். முன்பே உன் வீட்டைச் சொல்லியிருந்தேன். இப்போது அடித்துவிடச் சொன்னேன். லிங்கனில் ஒரு விடுதி இருக்கிறதாம், அங்கே போகிறேன். உன் வாசலுக்கு வரமாட்டேன். நிம்மதியாகப் படி.

ராஸ்


ஜனவரி 20, 2023

ராஸுக்கு,

அம்மா கதவைத் திறந்தாள், பாதிதான். சங்கிலியை எடுக்கவில்லை.

"அவன் சொல்லலடி. எனக்கேதான் தோணிச்சு."

"அவனைக் காப்பாத்தப் பொய் சொல்றியா?"

"நீ எனக்குப் பொண்ணா, ஜட்ஜா? ஏதாவது ஒண்ணா இருந்துட்டு வா, அப்புறம் உள்ள விடறேன்."

அரை மணி நேரம் வாசலில் நின்று பேசினேன். கடைசியில் குளிர் தாங்காமல்தான் உள்ளே விட்டாள். எனக்காக இல்லை, வீட்டுச் சூடு வெளியே போகிறதே என்று. அந்தக் கோட்டைக் காட்டினாள். சிவப்பு. ஐந்து வயதுப் பிள்ளைக்குத்தான் பொருந்தும்.

நீ செய்யவில்லை என்று நம்புகிறேன் என்று எழுத ஆசைதான். எழுதினால் அது பொய். நம்பவில்லை என்று எழுதினால் அதுவும் முழு உண்மை இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது நம்பினேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும், செப்டம்பரில் நீ எழுதிய 'சும்மாதான்' ஞாபகம் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டால் உனக்கு இன்னும் வலிக்கும். நீ என் வீட்டை அடித்துவிடச் சொல்வதற்கு முன்பே ஹாலிஸ் என்னிடம் கேட்டார். "உங்க அண்ணன் உங்களோட தங்கலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். அம்மாவின் போன் வந்து மூன்று நாள்கூட ஆகாத சமயம் அது. அவர் அதை உன்னிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

வெளியே வருகிறவனுக்குத் தங்கை எழுதுகிற கடிதம் இப்படி இருக்கக் கூடாது. என்னால் இப்படித்தான் எழுத முடிகிறது. லிங்கனில் குளிர் அதிகம். கம்பளிச் சட்டை அனுப்புகிறேன்.

கர்ஸ்டி


லிங்கன்
மே 11

கர்ஸ்டிக்கு,

கம்பளிச் சட்டை கிடைத்தது. இவ்வளவு நாள் பதில் போடவில்லை. கோபம்தான் காரணம். இப்போதும் கோபம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனாலும் உனக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் என் குரலில் எதையாவது துருவிக்கொண்டிருப்பாய், அதனால்தான் கடிதம்.

லிங்கன் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தோட்ட வேலை பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை புல் வெட்டிக்கொண்டிருந்தோம். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். எல்லாருக்கும் மஞ்சள் மேல்சட்டை, முதுகில் பள்ளியின் பெயரும் ஊரும். ஜோடி ஜோடியாகக் கைகோத்துக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். அவர்களைப் போகவிட்டு நாங்கள் இயந்திரத்தை நிறுத்தினோம்.

மூன்றாவதோ நான்காவதோ ஜோடியில் எல்சி.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். நீ சின்னதில் நடந்த மாதிரியே நடந்தாள், ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு, யாரோ அடிக்க வருகிற மாதிரி. முன்பல் புதிதாக முளைத்திருக்கிறது. கூட வந்த பெண்ணிடம் ஓயாமல் பேசிக்கொண்டே போனாள். என்னைப் பார்த்தாள். புல் வெட்டுகிற ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் பின்னால் போகவில்லை. வண்டிக்கு அந்தப் பக்கம் போய்க் கீழே உட்கார்ந்துகொண்டேன். கூட வேலை செய்கிறவன், "என்னப்பா, மயக்கமா?" என்றான். ஆமாம் என்றேன். டீ கொடுத்தான்.

ஆனால் முதுகில் இருந்த பெயரைப் படித்துவிட்டேன். படிக்கக் கூடாது என்று தோன்றுவதற்குள் கண் படித்துவிட்டது. அதை இங்கே எழுதமாட்டேன். அந்தப் பாரம் உன் தலையில் ஏற வேண்டாம்.

சாப்பாட்டு நேரத்தில் ஹாலிஸிடம் போய்ச் சொன்னேன். "இங்கிருந்து என்னை வேற எங்கயாவது மாத்துங்க. அந்த ஊருக்கு இங்கேருந்து ஒரே பஸ்" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "அங்க போற எண்ணம் இருக்கா?" என்றார். "இன்னைக்கு இல்ல" என்றேன். கர்ஸ்டி, அதுதான் உண்மை. இன்றைக்கு இல்லை. ஆனால் கெட்ட நாள் ஒன்று வரும். வேனுக்குத் தீ வைத்த நாள் மாதிரி. அன்றைக்கும் அந்தப் பெயர் எனக்குத் தெரிந்திருக்கும்.

டெர்பியில் இடம் பார்க்கிறேன் என்றிருக்கிறார். அங்கே ஒரு சொலிசிட்டரையும் பார்க்கப்போகிறேன், நீ சொன்ன அந்த நேர் வழிக்கு. மால்கம் சொன்னதைத் தூக்கிப் போட்டேன். அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

இதை யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டிக்கொள்.

ராஸ்


கிரிம்ஸ்பி
மே 19

ராஸுக்கு,

உன் கடிதத்தை அலுவலகம் போகும் வழியில் படித்தேன். முதலில் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் எழுதுகிறேன். 'இதை ஏன் என்னிடம் சொல்கிறான்? ஊர் பெயரை எழுதாமல் விட்டு, என் வாயிலிருந்து வரவழைக்கப் பார்க்கிறானா? பள்ளிப் பிள்ளைகளை உண்மையிலேயே தற்செயலாகத்தான் பார்த்தானா?' இதெல்லாம் தோன்றிய பிறகுதான் வண்டிக்குப் பின்னால் நீ உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்தது. முன்பெல்லாம் அதுதான் முதலில் வந்திருக்கும்.

திருமதி சோவர்பியிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஹாலிஸுக்குப் போன் செய்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"விவரம் எதுவும் அவர் சொல்லலை, சொல்லவும் கூடாது. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். இது செவ்வாய்க்கிழமை மத்தியானத்துலேருந்தே அவங்களுக்குத் தெரியுமாம்."

சரி என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். இமோஜென் வந்து பார்த்தாள். குழாயை மூடிவிட்டு இரண்டு கோப்பை டீ போட்டாள். எங்கள் அலுவலகத்தில் பட்டம் வாங்கியவர்கள்தான் டீ போடுகிறார்கள்.

நீ சொன்னதை நாங்கள் சரிபார்த்தோம். அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். அடுத்த முறை நீ ஏதாவது சொன்னாலும் சரிபார்ப்பேன். உன்மேல் எனக்கு இருந்த நம்பிக்கையை நீதான் எரித்தாய். அது ஒரு கடிதத்தில் திரும்பி வந்துவிடாது. ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்று சோவர்பி சொன்னபோது, நீ எழுதியபடியே அன்றே போய்ச் சொல்லியிருக்கிறாய் என்று தெரிந்தது. உன்னை நம்ப எனக்கு இவ்வளவு ஆசை இருந்தது அதுவரை எனக்கே தெரியாது.

நீ டெர்பி போவதற்குள் ஒரு சனிக்கிழமை வருகிறேன். அம்மாவும் வருவாள். அவளிடம் பேசிவிட்டேன். எல்சிக்கு எடுத்து வைத்த கோட்டைக் கொண்டுவரமாட்டாள். நட்டாலியைப் பற்றியும் எல்சியைப் பற்றியும் நீயும் கேட்கக் கூடாது, அம்மாவும் கேட்கக் கூடாது. கேட்டால் எழுந்து போய்விடுவேன்.

மற்றபடி என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை. அடுத்த மாதம் எனக்கு ஒப்பந்தச் சட்டத்தில் தேர்வு இருக்கிறது. புத்தகத்தைக் கொண்டுவருகிறேன். நீ அதைப் பார்த்துக் கேள்வி கேள், நான் பதில் சொல்கிறேன். சரியான விடையெல்லாம் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. நான் சொல்வதை நம்ப வேண்டாம். ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்.

கர்ஸ்டி